உறக்கம் கேட்டு வந்தவள்

தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று ஆவுடையம்மாளுக்குப் பயமாக இருந்தது. வழியெல்லாம் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஆற்றுக்குக் குளிக்கப் போவதாகத்தான் வீட்டில் சொல்லியிருந்தாள்.

கரை மண்டபத்தில் தங்கியிருந்த பெண் துறவி தனியாகத் தரையைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஊருக்குச் சாமி என்றாலும் இவளைவிட வயதில் இளையவள்.

"உறக்கம் வரமாட்டேங்கு சாமி, வீட்டுக்காரர் தவறினதுலேருந்து. ஒரு மந்திரம் சொல்லுங்க. இல்லேன்னா எனக்குப் பைத்தியம் பிடிச்சிரும்."

"என்ன நடந்ததுன்னு சொல்லுங்கம்மா."

சாமி தூணில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

ஆவுடையம்மாள் தொடங்கினாள். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் சொன்ன அதே பேச்சு. அவர் தங்கமானவர். ஒரு சொல் கடிந்து சொன்னதில்லை. இப்படித் தவிக்க விட்டுப் போய்விட்டாரே.

அழ வேண்டிய இடம் வந்தது. முந்தானை தானாக வாய்க்குப் போனது.

நிமிர்ந்து பார்த்தாள். சாமி தூங்கிக்கொண்டிருந்தாள்.

"சாமி."

"ம்... எங்க விட்டீங்க?"

"தங்கமானவர்னு சொன்னேன்."

"சரி, சொல்லுங்க."

மறுபடி சொன்னாள். சாமி லேசாகக் குறட்டை விட்டாள்.

ஆவுடையம்மாளுக்குச் சுருக்கென்றது. ஊரே கண்ணைக் கசக்கிய கதை.

"நான் என்ன தாலாட்டா பாடுதேன்?"

"எனக்கு அப்படித்தான் இருந்தது. நீங்க சொல்ற மனுசரை நான் பார்த்ததில்லை. நீங்க பார்த்திருக்கீங்களா?"

"பார்க்காமலா? தெருமுனையில அந்த ஆளு செருப்புச் சத்தம் கேட்டாலே நான் அடுப்படிக்குள்ள போயி ஒளிஞ்சுக்கிடுவேன்."

நிறுத்த நினைத்தாள். முடியவில்லை.

"தூக்கிட்டுப் போனதும் அடுப்படிக்குப் போனேன். யாருமில்ல. அப்பாடான்னு இருந்தது சாமி. அப்புறம் வாசலுக்கு வந்து மார்ல அடிச்சு அழுதேன். என்னைக் கட்டிப் பிடிச்சு அழுத ஒருத்திக்கும் இது தெரியாது."

சாமி கண் கொட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இதை நான் எல்லார்கிட்டயும் சொல்லணுமா? சொன்னா வீட்ல வச்சிருக்க மாட்டாவ."

"சொல்லச் சொன்னேனா?"

"அப்ப, அழணுமா?"

சாமி எழுந்து துடைப்பத்தை எடுத்துக்கொண்டாள்.

ஆவுடையம்மாளுக்குக் கொட்டாவி வந்தது. காய்ந்த இடமாகப் பார்த்துத் தலையைச் சாய்த்தாள். சாய்த்ததுதான் தெரியும்.

"என் தம்பி போயி இன்னும் ஈரங்கூடக் காயல. உனக்கு இங்க வந்து உறக்கமா?"

படிக்கட்டில் நாத்தனார். சொல்லி முடித்ததும் இரண்டு கைகளையும் விரித்தாள். அவள் கை விரித்தால் இவள் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு முதல் குரல் எடுக்க வேண்டும். அவர் போன நாளிலிருந்து அப்படித்தான்.

ஆவுடையம்மாள் சாமியைத் திரும்பிப் பார்த்தாள். சாமி குனிந்து கூட்டிக்கொண்டிருந்தாள்.

விரித்த கைகள் அப்படியே நின்றன.

ஆவுடையம்மாள் எழுந்தாள். மண்டபத்துப் பானையில் ஒரு செம்பு தண்ணீர் மொண்டாள். கொண்டுபோய் அந்தக் கைகளில் ஒன்றில் வைத்தாள்.

"வெயில்ல வந்திருக்கீங்க மதினி. குடிங்க."