ராஜா கிண்ணத்து ரசம்

சங்குமேட்டு ராஜா மகரவழுதிக்குப் புதுப் பெருமை ஒன்று வந்திருந்தது. காயல் கரையில் ஒரு சூரிய ஆலை. கண்ணாடிக் கூரைக்கு அடியில் கடல்நீரை வெயிலில் காயவைத்து, ஆவியைப் பிடித்துக் குடிநீராக்கும். யார் வந்தாலும் ஒரு செம்பு கொடுத்து, குடித்து முடிக்கும்வரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார் ராஜா.

ஒருநாள் காயல்கரை வேலாச்சி சபைக்கு வந்தாள். இடுப்பில் கூடை. கூடை நிறையச் செத்த இறால்.

"ஆலையில மிச்சமாகுற உப்புத்தண்ணிய எங்க காயல்ல விடுறாங்க சாமி. இறால் போச்சு, நண்டும் போச்சு. இப்படியே விட்டா நாங்க குடியைக் கிளப்பிக்கிட்டுப் போக வேண்டியதுதான்."

ஆலையைக் கட்டிய அமைச்சர் அம்பலவாணர் எழுந்தார். அவர் பேச்சில் பாதி மூக்கு வழியாக வரும்.

"மகாராஜா, ஆலையில் புகை உண்டா? விறகு உண்டா? மூவுலகிலும் இவ்வளவு சுத்தமான ஆலை கிடையாது. உப்பு கடலிலிருந்து வந்தது, கடலோரத்துக்கே போகிறது. ஒரு கல் கூடவில்லை. இறாலுக்கு வேறு ஏதாவது வியாதியாக இருக்கும்."

"சரியாகத்தானே சொல்கிறார்" என்றார் ராஜா.

வேலாச்சி கூடையைத் தூக்கினாள். சபை விதூஷகன் சித்திரக்கண்ணன் குறுக்கே வந்து நின்றான்.

"இரும்மா, சாப்பிட்டுவிட்டுப் போகலாம். இன்றைக்குச் சமையல் என் மேற்பார்வை."

அரண்மனைப் பந்தியில் ஒரு வழக்கம் உண்டு. ராஜாவுக்கு வைத்ததை முதலில் அமைச்சர் ருசி பார்க்க வேண்டும். அதன் பிறகுதான் ராஜா கை நனைப்பார்.

அம்பலவாணர் ராஜா கிண்ணத்து ரசத்தை ஒரு வாய் உறிஞ்சினார். கண் பிதுங்கியது. எழுந்து முற்றத்துக்கு ஓடினார். துப்பினார். மூச்சு வாங்கத் திரும்பி வந்தார்.

"விஷம். பிடியுங்கள் இவனை."

காவலர்கள் சித்திரக்கண்ணனின் தோளைப் பிடித்தார்கள்.

"விஷமில்லை ஐயா, உப்பு. பந்தி முழுவதற்கும் எடுத்து வைத்த அதே உப்பு. ஒரு கல் கூடவில்லை. மற்றவர்கள் ரசத்தில் போடாமல், அத்தனையையும் இந்த ஒரு கிண்ணத்தில் கொட்டினேன். அவர்கள் ரசத்தைக் குடித்துப் பாருங்கள், நம் ஆலைத் தண்ணீர் மாதிரி அவ்வளவு சுத்தம்."

"ஊர் உப்பையெல்லாம் ஒரே கிண்ணத்தில் கொட்டினால் குடிக்கிறவன் பிழைப்பானா?" என்று கத்தினார் அமைச்சர்.

கத்திய பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது.

ராஜாவின் மீசை சிரிப்பில் ஆடத் தொடங்கியது. "விடுங்கள் அவனை. அமைச்சரே, ஆலையில் மிஞ்சும் உப்புத் தண்ணீர் இனிக் காயலுக்குப் போகக் கூடாது. பாத்தி கட்டிக் காயவைத்து உப்பாக எடுங்கள். வெயில்தான் சும்மா கிடைக்கிறதே."

அம்பலவாணருக்கு ஆறவில்லை. "சபை பார்க்க என்னை முற்றத்துக்கு ஓடவைத்துவிட்டாயே."

"உங்களுக்கு ஓட ஒரு முற்றம் இருந்தது, ஐயா" என்றான் சித்திரக்கண்ணன். "இறால் எங்கே ஓடித் துப்பும்?"

ராஜா சிரித்த சிரிப்பில் தோள் சால்வை நழுவியது. அதை எடுத்து அவனுக்கே போர்த்திவிட்டார்.