நாரையின் கை

பட்டம்பாங் நகருக்கு வெளியே மூங்கில் தோப்பில் வாழ்ந்த யீம் என்ற குருவைத் தேடி மாலிஸ் வந்தாள். வயது முப்பத்துநான்கு. சந்தையில் அரிசிக்கஞ்சி விற்பவள்.

கம்போடியாவின் பழைய போர்க்கலை பொக்காட்டோர். அதன் பெயரைச் சொல்லவே அஞ்சிய ஒரு காலம் வந்தது. அதைக் கற்றவர்களில் பலரை அன்றைய ஆட்சியாளர்கள் கொன்றார்கள். யீம் எருமை மேய்ப்பவனாக, ஊமையாக நடித்துப் பிழைத்தார். இப்போது தலைநகரில் மிஞ்சிய குருமார்களைக் கூட்டி, அவரவர் அறிந்த அடவுகளைப் படம்பிடித்துக்கொண்டிருந்தார்கள். மாலிஸின் ஊர் நாரை அடவு மட்டும் யாரிடமும் இல்லை.

"அது என் அப்பா சரூனுடையது. எனக்குக் கற்றுத்தாருங்கள், க்ரூ." குருவை அந்நாட்டில் அப்படித்தான் அழைப்பார்கள்.

"எனக்குச் சிங்க அடவு மட்டும்தான் தெரியும்."

"அப்பாவோடு பத்து வருஷம் பயிற்சியில் மோதியவர் நீங்கள்."

"ஆமாம். எதிரே நின்றான். நான் அடித்தேன், அவன் தடுத்தான். அவ்வளவுதான்."

மாலிஸ் நகரவில்லை. "அப்பாவைப் பிடித்துக்கொண்டுபோனபோது எனக்கு நாலு வயசு. முகம் நினைவில்லை. அவர் கை எப்படி அசைந்தது என்றாவது தெரிய வேண்டும்."

யீம் அவள் கைகளைப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"காலையில் வா. நான் அடிக்கிறேன், நீ தடு."

"எப்படித் தடுக்க?"

"எனக்கும் தெரியாது."

முதல் அடியில் மல்லாந்து விழுந்தாள். எழுந்தாள். மறுபடி விழுந்தாள்.

"இல்லை. சரூன் இந்நேரம் என் இடப்பக்கம் போயிருப்பான்."

இன்னொரு நாள், "கை இன்னும் உயரே. அவனை அடிக்கும்போது அவன் கை எனக்கு வானத்தை மறைக்கும்" என்றார்.

எத்தனையோ நாள் வெறும் "இல்லை" மட்டும்.

கை முழுக்கக் கன்றிப்போனது. "புருஷன் அடிக்கிறானா?" என்று சந்தையில் கேட்டார்கள்.

"இல்லை. அப்பாவைத் தேடுகிறேன்" என்றாள். அவர்களுக்குப் புரியவில்லை.

ஒன்றரை வருஷம் ஓடியது. ஒரு மழைக்காலக் காலையில் யீம் பாய்ந்தார். மாலிஸ் யோசிக்கவில்லை. அவள் இடது கால் தானாக மடங்கி உயர்ந்தது. கை இறக்கைபோல் விரிந்து, அவர் மணிக்கட்டின் மேல் படிந்து அழுத்தியது. அத்தனை வேகமும் அங்கேயே நின்றுபோனது.

யீம் அசையவில்லை.

"தவறா, க்ரூ?"

அவர் தலையசைத்து மறுத்தார்.

அவள் கேட்டாள்: "அப்படியானால் இது அப்பாதானா? தலைநகரில் காட்டலாமா?"

"காட்டலாம், அம்மா. நாளைக்கே போகலாம்" என்றார் யீம். "இப்போது மட்டும் கையை எடுத்துவிடாதே. முப்பது வருஷமாக என்னை யாரும் இப்படித் தடுக்கவில்லை."