மாப்பிள்ளை அழைப்புக்கு ஒரு கார்

தென்காசியில் பூக்கட்டும் எசக்கிமுத்து, கல்யாண வீடுகளுக்கு மாலை கொண்டுபோக ஒரு பழைய கார் வாங்கினான். அதுவோ பத்தடி ஓடும். பிறகு கோயில் காளை மாதிரி நடுரோட்டில் நின்றுகொள்ளும்.

அதை விற்ற கடைக்கே மூன்று முறை போய் முறையிட்டான். முதலாளி சிவபெருமாள் அண்ணாச்சி மீசையைத் தடவிக்கொண்டே, "வண்டி தங்கம்லே! உனக்குத்தான் ஓட்டத் தெரியல" என்று விரட்டிவிட்டார்.

நாலாவது முறை தாம்பாளத்தில் ரோஜா மாலையும் கார் சாவியும் வைத்துக்கொண்டு போனான். கார் வாங்க வந்தவர்கள் நாலைந்து பேர் கடையில் இருந்தார்கள்.

"நாளைக்கு உங்க மகனுக்கு மாப்பிள்ளை அழைப்பாமே அண்ணாச்சி! ஊர்வலத்துக்கு என் காரையே எடுத்துக்கிடுங்க. பூ அலங்காரம் என் பொறுப்பு. உங்களுக்குத்தான் ஓட்டத் தெரியுமே, நீங்களே ஓட்டுங்க."

அண்ணாச்சி நாற்காலியை விட்டே துள்ளி எழுந்தார். "விளையாடுதியாலே? பொண்ணு வீட்டுக்காரங்க பார்க்க, அந்த ஓட்டை வண்டி மாப்பிள்ளையோட நடுத்தெருவுல நின்னா சகுனத்தடை ஆயிராதா?"

ஓட்டிப் பார்க்கச் சாவி வாங்கியிருந்த ஒருவர், அதை மெதுவாக மேசைமேல் வைத்துவிட்டு வெளியே நடந்தார். மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள்.

எசக்கிமுத்து மாலையை எடுத்து அண்ணாச்சி கழுத்தில் போட்டான்.

"இதையேதான் அண்ணாச்சி ஒரு மாசமா நானும் சொல்லுதேன். நீங்க சொன்னாத்தான் எடுபடுது!"