பன்னிரண்டு மீன் பேரம்

"சாமி, பூனை என் மகளைத் தின்னுது."

இளையசாமி மடத்து அண்டாவைத் துலக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"மகளையா, மீனையா அண்ணாச்சி?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

"அப்போ நிதானமாச் சொல்லுங்க."

நிதானம் என்பது தவசிலிங்கத்திடம் இருப்பில் இல்லாத சரக்கு.

கோவில்பட்டிக்கு வெளியே பழைய இரும்பு வாங்கி விற்கிறவர் அவர். வயது ஐம்பத்தெட்டு. சாமிக்கு நாற்பதுகூட இருக்காது. சாமியார் என்றால் சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுகிற ஆள்தான் தவசிலிங்கம். ஆறு வருஷத்துக்கு முன்னால், மடத்தில் உடைந்து கிடந்த இரும்புக் கதவை விலை பேச வந்தார்.

"என்ன விலை?"

"எடுத்துட்டுப் போங்க."

அவ்வளவுதான். விலையே சொல்லாத ஆளிடம் எங்கே பிடித்து அடித்துப் பேசுவது? கதவு வீட்டுக்கு வந்துவிட்டது, கேள்வி மடத்திலேயே நின்றுவிட்டது. அதைத் தேடி வெள்ளிக்கிழமைதோறும் வர ஆரம்பித்தவர், இன்னும் வந்துகொண்டிருக்கிறார்.

இப்போது விஷயம் வேறு.

மகள் செண்பகவல்லி மீன்வளம் படித்தவள். மரக்காணம் பக்கம் ஒரு மீன்குஞ்சுப் பண்ணையில் வேலை வந்தது. போகிறேன் என்றாள். தவசிலிங்கம் முடியாது என்றார்.

மனைவி போய்ச் சேர்ந்து நாலு வருஷம். வீட்டில் இருப்பதே இரண்டு பேர். ஒருத்தி போய்விட்டால் மிச்சம் இருப்பவன் யாரிடம் கத்துவது?

"உனக்கு மீன்தானே வேணும்? நம்ம வீட்டுக்குப் பின்னாலேயே குளம் வெட்டுறேன்."

வெட்டினார். கூலிக்கு ஆள் வைக்கவில்லை. எட்டடிக்கு ஐந்தடி, இடுப்பளவு ஆழம். அடியில் மணல், அதன்மேல் தார்ப்பாயை இரண்டாக மடித்து விரித்தார். ஓரத்தில் உடைந்த கடப்பாக் கல். நடுவில் ஒரு சிமெண்டுத் தொட்டியில் அல்லி. கைகள் இரண்டும் கொப்புளித்துப்போயின.

செண்பகம் வந்து பார்த்தாள். நன்றாக இருக்கிறது என்றாள். ஆனாலும் போகிறேன் என்றாள்.

அங்கேதான் அவருக்குள் இருந்த வியாபாரி எழுந்து உட்கார்ந்தான்.

"சரி, ஒரு பேச்சு. பன்னிரண்டு தங்கமீன் விடுறேன். ஆடி ஒண்ணாம் தேதி கெடு. அன்னைக்கு ஒண்ணே ஒண்ணு உயிரோட நீந்தினாலும் நீ இங்கேயே. ஒண்ணும் இல்லேன்னா போ. நான் வாயைத் திறக்க மாட்டேன்."

"சரிப்பா."

இரண்டு மீனாவது இருக்கணும் என்றுகூட அவள் ஏற்றிக் கேட்கவில்லை. முதல் பேச்சிலேயே சரி என்று சொல்கிறவர்களை முப்பது வருஷமாக அவர் நம்பியதே கிடையாது. ஆனாலும் உள்ளூரச் சந்தோஷம். பன்னிரண்டில் ஒன்றைக் காப்பாற்ற முடியாதா ஒரு மனுஷனால்?

பூனை வரும் என்று அவர் நினைக்கவில்லை.

"மூணு போயிடுச்சு சாமி. ஒன்பதுதான் மிச்சம். நாலடிக்குக் கம்பம் நட்டு, சுத்திக் கோழிவலை கட்டியிருக்கேன். சர்க்கஸ்காரி மாதிரி தாண்டுது."

சாமி அண்டாவில் தண்ணீர் ஊற்றி அலசினார்.

"பூனைக்கு என்ன வேணும்?"

"மீன்."

"மகளுக்கு?"

"சாமி, நான் வேலியைப் பத்திக் கேக்க வந்தேன்."

"அதைத்தான் நானும் கேட்டேன்."

தவசிலிங்கம் விறுவிறுவென்று எழுந்து போனார். போகிற வழியெல்லாம் சாமியைத் திட்டிக்கொண்டே போனார்.

*

அடுத்த தடவை வந்தபோது அவர் முகத்தில் சிமெண்டு காய்ந்திருந்தது.

"ஆறு அடி ஆக்கிட்டேன். மேல இரும்புக் கம்பியை ஓட்டி, அதுல பிவிசி குழாயைக் கோத்து விட்டேன். கால் வச்சா உருளும். பூனை விழும். என் மூளை எப்படி?"

"விழுந்துச்சா?"

"விழுந்துச்சு. ஒரு மாசம் நிம்மதி. அப்புறம் கொய்யா மரத்துல ஏறி உள்ளே குதிச்சுடுச்சு."

"மரம்?"

"வெட்டிட்டேன்."

"யார் வச்ச மரம்?"

தவசிலிங்கம் முகத்தில் காய்ந்த சிமெண்டைச் சுரண்டினார்.

"அவ அம்மா."

சாமி அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். வானத்தில் ஒன்றும் இல்லை.

"எத்தனை இருக்கு?"

"ஆறு. ஆடிக்கு இன்னும் ரெண்டு வாரம். இனிமே விட மாட்டேன். குழாயை எடுத்துட்டு, என் கடையில இருக்கிற மாதிரியே வேலி போடப் போறேன். முப்பது வருஷமா ஒரு ஆணி வெளியே போனதில்லை அந்த வேலியைத் தாண்டி."

"போடுங்க."

"நல்லா வரும்னு ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

"உங்க கைவேலை எப்பவும் நல்லாத்தான் வரும் அண்ணாச்சி. எனக்கு அதுதான் பயம்."

*

மூன்றாவது தடவை அவர் வெள்ளிக்கிழமைக்குக் காத்திருக்கவில்லை. ஆனி மாசக் கடைசி நாள். பகல் பதினொரு மணி. வெயிலில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வாசலிலேயே நின்றுகொண்டார்.

"சாமி, திருடன் பூனை இல்லை. என் மகள்."

சாமி கையிலிருந்த வேலையைக் கீழே வைத்தார்.

"புது வேலி போட்டு எட்டு நாள். கதவுக்குப் பூட்டு. சாவி என் அரைஞாண்ல. தினம் காலையில நான் ஒருத்தன்தான் திறந்து, மீனை எண்ணிட்டுப் பூட்டுறேன். எட்டு நாள்ல அஞ்சு மீன் காணோம். முன்னைவிட வேகமாப் போகுது! பூட்டின வேலிக்குள்ள எப்படிப் போகும்? அவகிட்ட மாத்துச் சாவி இருக்கு."

"பார்த்தீங்களா?"

"பார்க்கணுமா? மீன் இல்லேன்னா யாருக்கு லாபம்? அவளுக்கு. என் தொழில்ல நான் முதல்ல கேக்குற கேள்வி அதுதான்."

"அவகிட்டச் சொல்லிட்டீங்களா?"

"நேத்தே சொல்லிட்டேன். 'திருட்டுக் கழுதை'ன்னு சொன்னேன்."

"என்ன சொன்னா?"

தவசிலிங்கம் குரல் இறங்கியது.

"ஒண்ணும் சொல்லலை. பீரோ மேல இருந்த பையை எடுத்தா. தூசி தட்டினா. திரும்ப மேலேயே வச்சுட்டா. அதுக்கப்புறம் என்கூடப் பேச்சில்லை." முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்தார். "ஒரு மீன் இருக்கு சாமி. நாளைக்கு ஆடி ஒண்ணு. நீங்க வந்து அவகிட்ட ஒரு வார்த்தை கேக்கணும். உங்ககிட்டப் பொய் சொல்ல மாட்டா."

சாமி செருப்பு போடாமலே நடக்க ஆரம்பித்துவிட்டார்.

*

வீட்டுக்குள் போகவில்லை அவர். செண்பகத்தைப் பார்க்கவும் இல்லை. நேராகப் பின்பக்கம் போனார்.

வேலி பிரமாதமாக இருந்தது. அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆறடிக் கம்பங்கள். ஒவ்வொரு கம்பத்தின் தலையிலும் ஒன்றரை அடி ஆங்கிள் கம்பி, கை நீட்டுகிற மாதிரி சாய்த்துப் பற்றவைத்திருந்தது. கைகளின் மேலும் இழுத்துக் கட்டிய வலை. குளமும் அதன் மூலையில் நின்ற வாழைக் கூட்டமும் உள்ளே.

"திறங்க."

தவசிலிங்கம் திறந்தார். இருவரும் உள்ளே போனார்கள். பழக்கதோஷம், உள்ளே வந்ததும் கதவைச் சாத்திக் கொண்டியைப் போட்டார்.

சாமி தண்ணீரைப் பார்க்கவில்லை. வலையைப் பார்த்தார். சாய்ந்த கைக்கு அடியில், கம்பி முனைகளில், சாம்பல் நிறத்தில் மயிர் சிக்கியிருந்தது. ஒரு இடத்தில் இல்லை, வரிசையாக, நாலு பக்கமும்.

"இது எந்தப் பக்கம் அண்ணாச்சி?"

"எது?"

"மயிர் ஒட்டியிருக்கிறது."

"உள்பக்கம்."

சாமி வாழைக் கூட்டத்திடம் போய், தொங்கிய காய்ந்த சருகை விலக்கினார்.

சாம்பல் பூனை ஒன்று சீறிக்கொண்டு வெளியே பாய்ந்தது. எலும்பும் தோலும். முன்னங்காலில் நகம் பிய்ந்து ரத்தம் காய்ந்திருந்தது. ஒரே தாவலில் வலையைப் பிடித்தது. மடமடவென்று ஏறியது. சாய்ந்த கை தலையில் இடித்தது. மல்லாக்கத் தொங்கி, ஒரு கையால் விளிம்பைத் துழாவி, பொத்தென்று விழுந்தது.

மறுபடி ஏறியது. மறுபடி விழுந்தது.

"விடியக்காலையில எல்லாம் கத்துச்சு," என்றார் தவசிலிங்கம் மெல்ல. "வெளியே நிக்குதுன்னு நினைச்சு வெளிப்பக்கமாக் கல்லு விட்டேன்."

"கையை ஏன் உள்பக்கமாச் சாய்ச்சீங்க?"

"என் கடையில அப்படித்தான்."

"கடையில ஏன் அப்படி?"

"வெளியேருந்து எவன் வந்து திருடினான் சாமி? என்கிட்டச் சம்பளம் வாங்குறவன்தான் செப்புக் கம்பியைச் சுருட்டி வெளியே வீசுவான். அப்புறம் ஏறிக் குதிப்பான். உள்ளே இருக்கிறவனுக்குத்தான் வேலி. வெளியே..."

நிறுத்தினார்.

பூனை மூன்றாவது முறையாக ஏறிக்கொண்டிருந்தது.

வெளிப்பக்கமாக வருகிற பூனைக்கு அந்த வேலி ஏணி. உள்ளே விழுந்த பூனைக்குக் கூண்டு. இதை அவரே பற்றவைத்திருந்தார். பொறி பறந்து புருவம் கருக, மூன்று நாள் உட்கார்ந்து, ஒரு கண்ணி பிசகாமல்.

பூனை விழுந்தது.

அவருக்குத் தலைக்கு ஏறியது. கோபம் வந்தால் எதன்மேல் என்று அவர் பார்ப்பதில்லை, பக்கத்தில் எது கிடைக்கிறதோ அதன்மேல். வேலை முடிந்து மிஞ்சிய ஆங்கிள் துண்டு ஒன்று கல்லோரம் கிடந்தது. எடுத்தார்.

"சனியனே, உன்னாலதான். அவளை நான் திருடின்னு சொன்னேன். உன்னாலதான்!"

சாமி தடுக்கவில்லை.

"ஒரே அடி போதும் அண்ணாச்சி. சத்து இல்லை அதுக்கு. மீன் ஒண்ணு மிஞ்சிடும். நாளைக்கு ஆடி. பேரம் உங்களுக்கு."

ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது.

பூனை மூலைக்குப் போய் ஒடுங்கியது. ஓட இடமில்லை என்று அதற்குத் தெரிந்துவிட்டது. அவரையே பார்த்தது. கெஞ்சவில்லை. சீறவும் இல்லை. வாயை மூடிக்கொண்டு பார்த்தது, அவ்வளவுதான்.

அந்தப் பார்வையை அவர் நேற்று பார்த்திருக்கிறார்.

இரும்பு கையிலிருந்து நழுவியது. கல்லில் மோதி ஒலித்தது.

அவர் போய்க் கொண்டியை எடுத்துக் கதவைத் திறந்தார். விரியத் திறந்தார். நின்றார்.

பூனை நகரவில்லை.

"போ."

நகரவில்லை.

"போயேன்! திறந்துதான் விட்டிருக்கேனே, கண்ணு தெரியலை?" அவர் சாமி பக்கம் திரும்பினார். "சாமி, போக மாட்டேங்குது. திறந்துவிட்டாலும் போக மாட்டேங்குது."

சாமி அவர் பக்கத்தில் வந்தார். கதவு நிலையின் நடுவில் நின்றவரின் மார்பில் இரண்டு விரலை வைத்தார். ஓரடி தள்ளினார்.

பூனை போய்விட்டது. போனதை யாரும் பார்க்கவில்லை. கதவு வழியாக ஒரு காற்று, அவ்வளவுதான்.

*

திரும்பிப் பார்த்தபோது சாமியும் இல்லை.

பின்வாசல் படியில் செண்பகம் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. மெதுவாக இறங்கி வந்தாள். எட்டு நாளுக்குப் பிறகு வேலிக்குள் வந்தாள். அல்லி இலையை ஒரு விரலால் விலக்கினாள்.

அடியில் சிவப்பாக ஒன்று அசைந்தது.

"ஒண்ணு இருக்குப்பா," என்றாள். குரலில் ஒன்றுமே இல்லை. "நாளைக்கும் இருக்கும். நான் சொன்ன சொல் மாற மாட்டேன். பண்ணைக்கு வரலைன்னு சாயங்காலம் போன் பண்ணிடுறேன்."

தவசிலிங்கத்துக்கு வாழ்க்கையில் இதைவிடச் சுத்தமாக ஒரு பேரம் படிந்ததில்லை. எதிராளி ஒரு சொல் மறுக்கவில்லை. அவர் கேட்டது அத்தனையும் கேட்டபடியே கைக்கு வந்திருந்தது.

அவள் படியேறப் போனாள்.

"செண்பகம்."

நின்றாள். திரும்பவில்லை.

"இந்த மீனுக்கு ஒரு வேளைக்கு எவ்வளவு இரை போடணும்?"

"நான்தான் வலை வழியாப் போடுறேனேப்பா. நீங்க எதுக்கு?"

அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நீ போன பிறகு."