அம்மையின் காரும் பாகம் அண்ணாச்சியும்

மடத்துக்கு எதற்கு வெளிநாட்டுக் கார் என்று கேட்பவர்கள் அந்தக் காரைப் பார்த்ததில்லை. பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். இன்னுமா இதைப் பழைய இரும்புக்குப் போடவில்லை என்றுதான் கேட்பார்கள்.

மலையடிவாரத்தில் இருந்த அந்தச் சின்ன மடத்துக்கு அதைக் கொடுத்தவர் ஒரு மில் முதலாளி. புதுக் கார் வாங்கியபோது பழையதை விற்க மனம் வராமல், அம்மையின் முன்னால் சாவியை வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். நீளமான கறுப்புக் கார். உள்ளே தோல் இருக்கைகள், மரம் பதித்த முகப்பு, பொத்தானை அழுத்தினால் இறங்கும் கண்ணாடிகள். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். இந்த யானை ஓடினாலும் வேலை வைக்கும், படுத்தாலும் வேலை வைக்கும்.

அந்த வேலை முழுவதையும் தலையில் போட்டுக்கொண்டவர் உமையொருபாகம். மடத்தில் எல்லோருக்கும் அவர் பாகம் அண்ணாச்சி.

அம்மைதான் மடத்துக்குத் தலைவி. அவருக்கு இன்னும் ஐம்பது ஆகவில்லை. உமையொருபாகத்துக்கு அறுபது தாண்டிவிட்டது. தன்னைவிடச் சின்னவரைக் குருவாகக் கும்பிடுவதில் அவருக்குக் கூச்சம் இல்லை. அவரை அண்ணாச்சி என்று கூப்பிடுவதில் அம்மைக்கும் கூச்சம் இல்லை. உமையொருபாகம் லாரி ஆபீசில் வேலை பார்த்தவர். மனைவி தவறிய பிறகு மடத்துக்கு வந்தார். தியானம் அவருக்குச் சரிப்படவில்லை. கண்ணை மூடினால் குறட்டை வந்தது. கார் வந்த அன்று அம்மை சாவியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"இதைப் பாத்துக்கிடுங்க அண்ணாச்சி."

அன்றிலிருந்து அதுதான் அவருக்குப் பூஜை.

கூரைத் துணி தொங்கி அம்மையின் தலையில் இடித்தபோது வரிசையாகக் குண்டூசி குத்தி அதை நிறுத்தினார். இருக்கைத் தோல் கிழிந்த இடத்தைச் சாக்குத் தைக்கும் கோணூசியால் தைத்தார். வெடித்த இடத்தில் தேங்காய் எண்ணெய் தடவினார். பின்கதவுக் கண்ணாடி ஒன்று ஏறாமல் உள்ளே விழுந்துவிட்டது. புளியங்கட்டையில் ஆப்பு சீவி அதை முட்டுக்கொடுத்து நிறுத்தினார். பார்ப்பதற்கு லட்சணமாக இல்லைதான். ஆனால் வண்டி நின்றதில்லை.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. வண்டிக்கு என்ன கோளாறு வந்தாலும் முதலில் பானட்டைத் திறப்பார். கையை வைத்துச் சூடு பார்ப்பார். காதைச் சாய்ப்பார். பிறகு, காய்ச்சல்காரப் பிள்ளையிடம் கேட்பதுபோலக் கேட்பார்:

"என்னடே செய்யுது?"

டயர் பஞ்சரானால்கூட இதே கதைதான். கண்ணெதிரே சக்கரம் சப்பிப்போய்க் கிடக்கும். மனிதர் பானட்டைத் திறந்து விசாரித்துக்கொண்டிருப்பார். சமையல்கார ஆவுடை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். அம்மை சிரிக்க மாட்டார். அது பதில் சொல்லும் வரைக்கும் காத்திருப்பவர்போலப் பக்கத்தில் நிற்பார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வண்டியில் இன்பசேகர் வந்து ஏறினான்.

முப்பத்தைந்து வயது. துபாயில் ஏசி மாட்டும் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன். மனசு சரியில்லை, கொஞ்ச நாள் இங்கே இருக்கிறேன் என்றான். அம்மை சரி என்றார். மூன்றாம் நாள் அவன் காரைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"அண்ணாச்சி, நான் கொஞ்சம் கை வைக்கட்டுமா?"

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? அம்மை பக்கத்தில் நின்றார்.

கதவின் உள்பலகையைக் கழற்றினான். உள்ளே ஒரு சின்னப் பிளாஸ்டிக் கொக்கி உடைந்திருந்தது. அதற்கு ஈடாக ஒன்றைக் கம்பியில் வளைத்து மாட்டினான். கண்ணாடி வழுக்கிக்கொண்டு மேலே ஏறியது. ஆப்பைப் பிடுங்கி வெளியே போட்டான். அடுத்த நாள் கூரைத் துணியைக் குண்டூசியோடு உரித்தான். பொடிப்பொடியாய்ப் போன பஞ்சைச் சுரண்டிவிட்டுப் புதுத் துணி ஒட்டினான். செல்போன் சார்ஜ் போட ஒரு துளை வைத்தான். கடைசியாக, அம்மை உட்காரும் இடத்துக்கு மேலே, படிப்பதற்கு ஒரு சின்ன விளக்கு மாட்டினான். அதற்கு ஒயர் இழுக்கப் பேட்டரியைத் திறந்தான். அந்தக் காரில் பேட்டரி முன்னால் இல்லை, பின்சீட்டுக்கு அடியில் இருந்தது.

"பேட்டரியில கை வைக்காதடே," என்றார் உமையொருபாகம். "ஒரு நட்டு லூசா இருந்தாலும் வண்டி படுத்துரும்."

"நல்லா முறுக்கிட்டேன் அண்ணாச்சி."

அன்று சாயங்காலம் அம்மை காரில் ஏறி உட்கார்ந்தார். விளக்கைப் போட்டார். அண்ணாந்து கூரையைப் பார்த்தார்.

"நல்லா இருக்கு," என்றார்.

இரண்டே சொல். உமையொருபாகத்துக்கு நெஞ்சில் சுரீர் என்றது. இத்தனை வருஷம் இந்த வண்டிக்கு அடியில் படுத்துப் புரண்டிருக்கிறார். மழையில் தள்ளியிருக்கிறார். விரல் நசுங்கியிருக்கிறது. ஒருநாள், ஒரு பொழுதுகூட அவரிடம் அம்மை அப்படிச் சொன்னதில்லை. முன்னே வந்த காதைப் பின்னே வந்த கொம்பு மறைத்ததாம். அந்தப் பழமொழியைச் சொன்னவனும் ஏதோ ஒரு மடத்தில் கார் ஓட்டியிருப்பான் என்று தோன்றியது.

அதன் பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை. இன்பசேகர் சிரித்தால் தன்னைப் பார்த்துச் சிரிக்கிறான் என்று பட்டது. சும்மா இருந்தால் கர்வம் என்று பட்டது. "அண்ணாச்சி, எண்ணெய் எப்ப மாத்துனீங்க?" என்று அவன் ஒருநாள் கேட்டான். அதில் குத்தல் இருப்பதாக நினைத்து ஒரு பகல் முழுக்கப் புழுங்கினார்.

"புது விளக்குமாறு நல்லாத்தான் கூட்டும்," என்றார் ஆவுடையிடம்.

"கூட்டட்டுமே அண்ணாச்சி, குப்பை போனா சரி," என்றாள் அவள்.

அந்தப் பதிலும் எரிச்சலாகத்தான் இருந்தது.

பொறுக்க முடியாமல் அம்மையின் அறைக்குப் போனார். அம்மை ஜன்னலோரம் பாயில் உட்கார்ந்திருந்தார்.

"ஒரு சந்தேகம் அம்மை."

"கேளுங்க."

"ரொம்ப நாளா கூட இருக்கவன் பெரிசா? நேத்து வந்தவன் பெரிசா?"

 மலைக்காற்றில் ஜன்னல் கதவு படபடவென்று அடித்துக்கொண்டது. அம்மை பக்கத்தில் கிடந்த ஒரு கட்டையை எடுத்து, கதவின் அடியில் செருகினார். கதவு அசையாமல் நின்றது.

உமையொருபாகம் அந்தக் கட்டையை அடையாளம் கண்டுகொண்டார். அவர் சீவிய புளியங்கட்டை ஆப்பு. குப்பையில் கிடந்ததை யாரோ எடுத்துத் துடைத்து வைத்திருந்தார்கள்.

'கடைசியில் நம்ம வேலை ஜன்னலுக்கு முட்டுக்கொடுக்கிற அளவுக்குத்தான் ஆச்சு' என்று நினைத்தார். பொறாமை பிடித்தவன் பால்சோறு வைத்தாலும் கல் இருக்கிறதா என்றுதான் தேடுவான். கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார்.

மறுநாள் அம்மை பக்கத்து ஊரில் பேசுவதாக இருந்தது. விடியற்காலையில் எல்லோரும் பிரார்த்தனைக்கு உட்கார்ந்திருந்தார்கள். உமையொருபாகம் மட்டும் ஷெட்டுக்குப் போனார். பின்கதவைத் திறந்து சீட்டைத் தூக்கினார். ஸ்பேனரை வைத்து, பேட்டரியின் நட்டை நன்றாகத் தளர்த்தினார். கம்பியைப் பேட்டரிக் குமிழிலிருந்து ஒரு நூல் அளவு விலக்கி வைத்தார். பார்த்தால் தெரியாது. சீட்டை இறக்கிவிட்டு, பிரார்த்தனை முடிவதற்குள் வந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அன்று அவருக்குக் குறட்டை வரவில்லை.

காலையில் அம்மை வந்து நின்றார். ஆவுடை தண்ணீர்க் குடத்தோடு நின்றாள். சில நாளாகச் சாவி இன்பசேகரிடம்தான் இருந்தது. அவன் அதைத் திருகினான். ஒன்றும் இல்லை. சத்தமும் இல்லை, வெளிச்சமும் இல்லை.

அவன் அவசரமாக இறங்கினான். பானட்டைத் திறந்தான். ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாக உருவிப் பார்த்தான். 

"நான் மாட்டுன லைட்டுதான் போல," என்றான். யாரும் சொல்வதற்கு முன்னால் உள்ளே ஏறி, அம்மையின் இடத்துக்கு மேலே இருந்த விளக்கைப் பிடித்து இழுத்தான். அது ஒயரோடு கையில் வந்தது. புதுத் துணி கிழிந்தது. மறுபடி சாவியைத் திருகினான். அப்போதும் ஒன்றும் இல்லை.

"தள்ளுடே," என்றார் உமையொருபாகம்.

இடுப்பிலிருந்து ஸ்பேனரை எடுத்தார். நேராகப் பின்கதவுக்குப் போனார். சீட்டைத் தூக்கினார். கம்பியைக் குமிழில் அழுத்தி, நட்டை முறுக்கினார். முன்னால் வந்து சாவியைத் திருகினார். வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது.

"நட்டை ஒழுங்கா முறுக்கலை," என்றார். "அன்னைக்கே சொன்னேன்."

"அண்ணாச்சின்னா அண்ணாச்சிதான்!" என்றாள் ஆவுடை.

இன்பசேகர் பிடுங்கிய விளக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"முறுக்குனேன்னுதான் நெனச்சேன்," என்றான். "என் கை சரியில்லை அம்மை. துபாய்லயும் இப்படித்தான் ஆச்சு, நான் முறுக்குன நட்டு கழண்டு ஒருத்தன் மேலேயிருந்து விழுந்தான். என் தப்பு இல்லைன்னு எல்லாரும் சொன்னாங்க. என் தப்புதான்னு இப்பத் தெரியுது. நான் ஊருக்குப் போறேன்."

அம்மை அவனைப் பார்த்தார்.

"பஸ் எப்ப?"

"பதினொரு மணிக்கு."

"சரி," என்றார் அம்மை. காரில் ஏறி உட்கார்ந்தார். "போலாமா அண்ணாச்சி?"

கார் மண்சாலையில் இறங்கியது. நினைத்தது நினைத்தபடி நடந்துவிட்டது. பயல் போகப்போகிறான். மறுபடியும் சாவி அவரிடம், வண்டி அவரிடம். ஆனாலும் பாயசத்தில் உப்பு விழுந்தது மாதிரி இருந்தது. ஒருத்தன் விழுந்தான் என்று அவன் சொன்னது காதை விட்டுப் போகவில்லை. அதைக் கேட்காததுபோல ஹாரன் அடித்தார். எதிரே ஆளும் இல்லை, ஆடும் இல்லை.

அம்மை ஏதாவது சொல்வார் என்று கண்ணாடியில் பார்த்தார். அம்மை கூரைத் துணியின் கிழிசலை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"அதை நான் குண்டூசி குத்திச் சரிபண்ணிருதேன் அம்மை."

அம்மையின் விரல் கிழிசலிலேயே இருந்தது.

"அனுபவம்னு ஒண்ணு இருக்கில்லா அம்மை? பாத்தீங்கள்லா, நொடியில கெளப்பிட்டேன்."

"பாத்தேன்."

பஸ் நிற்கும் ஆலமரம் வந்தது.

"இங்க நிறுத்துங்க அண்ணாச்சி."

"நேரமாகுதே அம்மை."

"காத்திருப்பாங்க."

மர நிழலில் நிறுத்தினார். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கச் சற்று நேரம் போனது. தூரத்தில் மடத்துப் பாதையில் ஒரு ஆள் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து வருவது கண்ணாடியில் தெரிந்தது. உமையொருபாகம் கண்ணை எடுத்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, அன்னைக்கு டயர் பஞ்சராச்சே. முதல்ல என்ன செஞ்சீங்க?"

"பானட்டைத் திறந்தேன்."

"கண்ணாடி உள்ள விழுந்தப்போ?"

"பானட்டைத்தான் திறந்தேன் அம்மை. அது ஒரு கோட்டிப் பழக்கம், கிறுக்குத்தனம். ஆவுடைகூடச் சிரிப்பா."

"எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்," என்றார் அம்மை. "அதுக்காகத்தான் வண்டியை உங்க கையில கொடுத்தேன்."

உமையொருபாகத்தின் கை ஸ்டியரிங்கில் அப்படியே நின்றது. இத்தனை வருஷம் காத்திருந்த சொல் வந்துவிட்டது. அதைக் காதில் வாங்க முடியாமல் அவருக்குத் தலை குனிந்தது.

"இன்னைக்கு நீங்க பானட்டுப் பக்கமே போகலை. கை வச்சுப் பாக்கலை. ஒரு வார்த்தை கேக்கலை. நேரா பின்சீட்டுக்குப் போனீங்க."

அவர் எஞ்சினை நிறுத்தினார். ஆலமரத்தில் காக்கை ஒன்று கத்தியது. கண்ணாடியில் அந்த ஆள் பெரிதாகிக்கொண்டே வந்தான். பையின் வார் அறுந்திருந்தது போலும், அதைக் கையால் பிடித்திருந்தான். முகம் தெரிகிற தூரத்துக்கு வந்துவிட்டான்.

"வண்டிக்கு ஒண்ணும் செய்யலைன்னு உங்களுக்கு முன்னாலயே தெரியும் போல," என்றார் அம்மை. குரலில் கோபம் இல்லை.

உமையொருபாகம் சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டார். 

அம்மை முன்னால் சாய்ந்தார். பானட்டில் அவர் வைப்பதுபோலவே, அவருடைய தோளில் கையை வைத்தார். காதைச் சாய்த்தார்.

"உங்களுக்கு என்ன செய்யுது அண்ணாச்சி?"