சிலும்பி வாங்கிய பனிவண்டி

"இறங்கு, முதல்ல இறங்கு" என்றது கரடி. "உட்கார்ந்து பாருன்னுதான் சொன்னேன். சீட்டைக் கிழின்னு சொல்லல."

சிலும்பி என்ற முள்ளம்பன்றி இறங்கியது. அதன் முள் ஒன்று இருக்கையில் குத்திக்கொண்டு நின்றது. அதைப் பிடுங்கியதில் கிழிசல் இன்னும் பெரிதாயிற்று. கையால் தடவி மூடப் பார்த்துவிட்டு, "மன்னிச்சுக்கோங்க அண்ணே" என்றது.

"ஊசிப்பெட்டியை எல்லாம் கடைக்குள்ள விட்டா இப்படித்தான்" என்று வாசலில் சாய்ந்து நின்ற ஓநாய் சிரித்தது. அதன் பெயர் நரையன்.

கரடியின் கடையான அந்தக் குகைக்குள் மூன்று பனிவண்டிகள் நின்றன. முன்னால் இரண்டு சறுக்குக் கட்டைகள், பின்னால் பல் வைத்த ரப்பர்ப் பட்டை. இன்ஜின் சுழற்றினால் பட்டை பனியைப் பற்றித் தள்ளும், வண்டி ஓடும். மூன்றையும் செய்தது கரடிதான். வெளியே முதல் பனி விழுந்து நான்கு வாரமாகிவிட்டதால் அதற்குக் கண் செருகிக்கொண்டு வந்தது.

"ரெண்டு பேரும் சீக்கிரம் முடிவு பண்ணுங்க. நான் படுத்தா வசந்தத்துலதான் எழுவேன். மாத்திக் கொடுன்னு நடுவுல வந்து எழுப்பினா, யாரா இருந்தாலும் அறைதான்."

முடிவு செய்யத்தான் சிலும்பிக்குப் பயமாக இருந்தது.

மலை உச்சியில் ஆட்டுக்குட்டிகளுக்கு நெஞ்சுச்சளி கண்டிருந்தது. பனிக்காலம்தோறும் வருவதுதான். காரவேரை மென்றால் சரியாகிவிடும். ஆனால் காரவேர் ஏரியின் தென்கரையில் மட்டுமே விளையும். தோண்டிய வேர் அரை நாளுக்குள் குட்டியின் வாய்க்குப் போக வேண்டும். குளிரில் உறைந்துவிட்டால் அது வெறும் கட்டை. போன வருடம் சிலும்பிதான் வேர்மூட்டையைச் சுமந்துகொண்டு நடந்தது. உறைந்த ஏரியைக் கடந்து மலை ஏற மூன்று நாளாயிற்று. மூட்டையை அவிழ்த்தபோது வேர் கறுத்திருந்தது. இரண்டு குட்டிகள் பிழைக்கவில்லை. ஆடுகள் சிலும்பியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று சிலும்பி பலமுறை நினைத்திருக்கிறது.

பனிக்காலம் முடியும்வரை யாரும் யாரையும் தின்பதில்லை என்பது அந்தக் காட்டின் கட்டுப்பாடு. ஓநாய்கள் ஏரி மீனைத் தின்று நாளைத் தள்ளும். அதனால் இந்த முறை சிலும்பிக்கு ஒரு மூட்டை, நரையனுக்கு ஒரு மூட்டை என்று எல்லோருமாகக் கூடிப் பேசி முடிவாகியிருந்தது.

நரையன் ஒல்லியான வண்டியைத் தட்டியது. "இதோட பேர் என்ன?"

"அம்பு. குட்டைப் பட்டை, சின்னச் சின்னப் பல்லு. ஏரியில விட்டா கண்ணுக்கே தெரியாது."

"போதும். வழியில முக்கால்வாசி ஏரிதான். அங்க பறந்துட்டா, மலையில மெதுவா உருட்டிக்கிட்டுப் போனாலும் நான்தான் முதல்."

"மலையில கிடக்கிறது மாவுப் பனி, அதுல மெதுவாங்கிறதே கிடையாது நரையா. ஒண்ணு மிதக்கணும், இல்ல புதையணும்..."

நரையன் கேட்கவில்லை. அம்பு அதற்குள் குகையைத் தாண்டிப் போய்விட்டது.

சிலும்பி அகலமான வண்டியின் பக்கம் போனது. அதன் பட்டைப் பற்கள் விரல் நீளம் இருந்தன. "இது மலையில போகுமா அண்ணே?"

"மலைவிழுங்கின்னு பேர் வச்சிருக்கேன், போகாம என்ன? கழுத்தளவு மாவுப் பனியிலயும் மிதக்கும். ஆனா ஏரியில உழுதுக்கிட்டுக் கிடக்கும். அக்கரை சேர்றதுக்குள்ள உன் வேர் விறைச்சிடும்."

"அப்ப அந்த மூணாவது?"

கரடி மூக்கைச் சொறிந்தது. "அதுக்கு நான் பேரே வைக்கல. ரெண்டுங்கெட்டான். ஏரியில அம்புகிட்ட தோத்துடும். மலையில மலைவிழுங்கிகிட்ட தோத்துடும்."

"தோத்தா தோக்கட்டும். ரெண்டு இடத்துலயும் நிக்காம ஓடுமா?"

இப்படி ஒரு கேள்வியை யாரும் கரடியிடம் கேட்டதில்லை. அது பாதிக் கொட்டாவியிலேயே நின்று யோசித்தது. "ஓடும். ஒரே ஒரு குறை. உள்ளே பட்டை உராயுற தண்டு ரெண்டு இருக்கு பாரு, அதுமேல பனித்தூள் தெறிச்சுக்கிட்டே இருக்கணும். அதுதான் அதுக்குக் குளிர்ச்சி. காத்து பெருக்கிவிட்ட மொட்டை ஐஸ்ல ரொம்ப நேரம் ஓட்டினா தண்டு சூடேறி உருகிடும். அம்பு லேசான வண்டி, தாங்கும். இது தாங்காது."

"அதுக்கு என்ன பண்ணணும்?"

சிலும்பி குனிந்து பார்த்தது. கரடி மலைவிழுங்கியின் மேல் தலையை வைத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

விலையாகக் கொண்டுவந்த தேன்குடத்தை அதன் தலைமாட்டில் வைத்துவிட்டு, சிலும்பி பேரில்லாத வண்டியை வெளியே ஓட்டியது.

மறுநாள் காலை தென்கரையில் வேரைத் தோண்டி, பாசியில் சுற்றி, சிலும்பியும் நரையனும் ஆளுக்கொரு மூட்டையாகக் கட்டின. இரண்டும் ஒன்றாகத்தான் கிளம்பின. சிலும்பி நிமிர்ந்து பார்ப்பதற்குள் நரையன் ஒரு புள்ளியாகிவிட்டது. பிறகு புள்ளியும் இல்லை.

ஏரி கண்ணாடிபோல் கிடந்தது. இரவெல்லாம் அடித்த காற்று ஒரு பிடி பனியைக்கூட மிச்சம் வைக்கவில்லை. நடு ஏரிக்கு வந்தபோது ரப்பர் கருகும் வாடை அடித்தது.

சிலும்பி வண்டியை நிறுத்திவிட்டு அடியில் பார்த்தது. இடப்பக்கத் தண்டு தொட முடியாதபடி சுட்டது. வலப்பக்கத் தண்டைத் தயங்கித் தொட்டது. அது சில்லென்று இருந்தது.

ஒரே வண்டி, ஒரே ஐஸ். ஒரு பக்கம் மட்டும் எப்படி?

வந்த வழியைத் திரும்பிப் பார்த்தது. வலப்பக்கமாக ஐஸில் ஒரு வெள்ளைக் கீறல் நீண்டு கிடந்தது. அந்தப் பக்கத்துக் கால்பலகையின் அடியில், பட்டைக்கு முன்னால், முள் ஒன்று சிக்கியிருந்தது. அதன் நுனி ஐஸைச் சுரண்டிக்கொண்டே வந்திருக்கிறது. சுரண்டிய தூளைப் பட்டை வாரித் தண்டின்மேல் இறைத்திருக்கிறது. இருக்கையைக் கிழித்த அதே முதுகிலிருந்து உதிர்ந்த முள்.

சிலும்பி பல்லைக் கடித்துக்கொண்டு முதுகிலிருந்து ஐந்து முட்களைப் பிடுங்கியது. தானாக உதிர்வது வேறு, பிடுங்குவது வேறு. கண்ணில் நீர் வந்துவிட்டது. மூட்டைக் கயிற்றில் பாதியை அறுத்து, சிக்கியிருந்த முள்ளையும் சேர்த்துப் பக்கத்துக்கு மூன்றாக நுனி பின்னால் சாய இறுக்கிக் கட்டியது. விசையை அழுத்தியதும் இரண்டு பக்கமும் வெண்புழுதி கிளம்பியது. வாடை நின்றது. சிலும்பி அதற்குமேல் விசையிலிருந்து விரலை எடுக்கவில்லை.

மலையின் முதல் வளைவில் இரண்டு காதுகள் தெரிந்தன. அருகே வந்தபோது காதுகளுக்குக் கீழே நரையனும் இருந்தது. அம்பு தன் குட்டைப் பட்டையால் தனக்கே குழி தோண்டி, கைப்பிடி வரை புதைந்திருந்தது.

"நில்லு சிலும்பி, கொஞ்சம் நில்லு."

"ஏத்தத்துல நின்னா நானும் புதைஞ்சிடுவேன். உன் மூட்டை?"

"இங்கதான் இருக்கு. இன்னும் உறையல. முடிச்சைப் பிடிச்சுக்கிட்டுதான் உட்கார்ந்திருக்கேன்."

சிலும்பி நிற்காமல் ஓநாயைச் சுற்றி ஒரு பெரிய வட்டம் போட்டது. பேரில்லாத வண்டி மாவுப் பனியில் மூக்கைத் தூக்கிக்கொண்டு மிதந்தது.

"தூக்கி எறி."

"எங்க எறியிறது? உனக்குத்தான் ரெண்டு கையும் வண்டியில இருக்கே."

"முதுகுல எறி. ஒட்டிக்கும்."

நரையன் எறிந்தது. மூட்டை முட்களில் சதக்கென்று குத்தி நின்றது. வட்டம் முடிந்த இடத்திலேயே வண்டி மலையைப் பார்த்துத் திரும்பி, சரிவில் பாய்ந்தது.

உச்சியில் பொழுது இன்னும் சாயவில்லை. கொம்பையா என்ற கிழட்டு ஆட்டுக்கடா பாறை மேல் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. போன வருடம் மூட்டையை அவிழ்த்ததும் அதுதான். இந்த முறையும் அதுவே முடிச்சைப் பல்லால் பிரித்தது. ஒரு வேரை எடுத்து முறித்தது.

முறிந்த இடத்தில் வெள்ளைப் பால் சொட்டியது.

"ஈரமா இருக்கும்மா" என்றது கொம்பையா. "ஈரமா இருக்கு." ஆடுகள் இரண்டு மூட்டை வேரையும் குட்டிகளிடம் கொண்டு ஓடின. ஒரு மூட்டை மட்டும் வந்திருந்தால் பாதிக் குட்டிகளுக்குத்தான் எட்டியிருக்கும்.

அந்தியில் நரையன் நடந்தே வந்து சேர்ந்தது. மீசையெல்லாம் பனி.

"வாங்க, வாங்க" என்றது கொம்பையா. "பனிக்காலங்கிறதால வாங்கன்னு சொல்றேன். கோடையில வந்தா வேற மாதிரி சொல்வேன்."

"கோடையில நான் வந்தா நீங்க சொல்றதுக்கு இருக்கமாட்டீங்க" என்றது நரையன். இரண்டும் சிரித்தன. பிறகு நரையன் குரலைத் தாழ்த்தி, "குட்டிகளுக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டது.

அது காலையில்தான் தெரிந்தது. எங்கும் இருமல் சத்தம் இல்லை. ஒரு குட்டி எழுந்து நின்றது. இன்னொன்று அதை முட்டித் தள்ளியது. மூன்றாவது, வண்டியின் கிழிந்த இருக்கையில் ஏறி நின்று கத்தியது. கொம்பையா போய்த் தன் கொம்பைப் பாறையில் மோதியது. மற்ற ஆடுகளும் மோதின. மகிழ்ச்சி வந்தால் மலையாடுகள் அப்படித்தான் செய்யும். மலை முழுவதும் அதிர்ந்தது. தென்கரையில் மீனுக்குக் காத்திருந்த ஓநாய்கள் தலை தூக்கிக் கேட்டு, விஷயம் புரிந்து, பதிலுக்கு நீளமாக ஊளையிட்டன. கரடி மட்டும் புரண்டு படுத்திருக்கும்.

சிலும்பி ஒவ்வொரு குட்டியாக எண்ணியது. ஒன்றும் குறையவில்லை. மறுபடியும் எண்ணியது.

இறங்கும் நேரம் வந்தது. நரையன் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி, "அம்பை வசந்தத்துலதான் தோண்டி எடுக்கணும்" என்றது. "கரடிகிட்ட என்ன சொல்றதுன்னே தெரியல."

"அது எழுந்தப்புறம் யோசிக்கலாம். இப்ப வந்து பின்னால ஏறு."

நரையன் இருக்கையின் கிழிசலைப் பார்த்தது. சிலும்பியின் முதுகைப் பார்த்தது. காதைச் சொறிந்துகொண்டு நின்றது.

சிலும்பி முன்னால் ஏறி உட்கார்ந்து, முதுகு முட்களை ஒவ்வொன்றாகப் படிய வைத்துக்கொண்டது.

எங்கே பறக்கலாம் என்று பார்த்து வண்டி வாங்குகிறவரைவிட, எங்கே நின்றுவிடுவோம் என்று பார்த்து வாங்குகிறவரே போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேருவார்.