பூவாயி போட்ட வேலி

மேட்டுக்காட்டு ஊருக்கு ஜீப்பில் வந்து இறங்கிய கம்பெனி அதிகாரி முழங்கினார்: "கடலையைப் பிடுங்குங்க, காட்டாமணக்கு நடுங்க! அந்த எண்ணெயிலதான் இனி வண்டி ஓடும்!"

செடியில் வண்டி எப்படி ஓடும் என்று ஊரே குழம்பி நின்றது. கடலை போட்டிருந்த பூவாயி கேட்டாள்:

"அதை ஆடு மேஞ்சுட்டா என்னங்க பண்றது?"

"நல்லா வேலி போடு."

"எந்த வேலிங்க?"

அதிகாரி எரிச்சலோடு அவள் கடலைக்காட்டின் ஓரத்தைக் காட்டினார். "அதோ, அடர்த்தியா நிக்குதே, அதே மாதிரி!"

"அதுதானுங்க காட்டாமணக்கு! ஆடு மோந்துகூடப் பாக்காது. அதனாலதான் கடலைக்கு வேலியா நட்டிருக்கோம்."

அதிகாரி வேலியைப் பார்த்தார். தன் கையிலிருந்த செடியின் படத்தைப் பார்த்தார். மறுபடியும் வேலியைப் பார்த்தார்.

"ஒண்ணுதான் புரியலைங்க," என்றாள் பூவாயி. "கடலையைப் பிடுங்கிட்டு உள்ளேயும் வேலியே நட்டா, வேலி எதைக் காக்குமுங்க?"